யான் கடற்கரையில் ஆயா பசங்க

ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு கடற்கரைக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னபோது, அக்கா தோசைக்கல்லில் இருந்து தலையைத் தூக்காமலே, "எதுக்கு, சாவப் போறியா?" என்று கேட்டாள்.

இல்லை, சும்மா உட்காரத்தான் என்றேன்.

"சும்மா உக்கார அம்புட்டுத் தூரம் போவணுமா? இங்கயே உக்காரு லா."

இங்கே உட்கார முடியவில்லை என்பதுதான் என் பிரச்சினையே. துறையூரில் நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காலையில் கதவைத் தூக்கியதிலிருந்து இரவு இழுத்துப் பூட்டும்வரை எதிரே யாராவது ஒருவர் இருமிக்கொண்டே நிற்பார். அவர் இருமி முடித்ததும் அடுத்தவர் தும்முவார். மலேசியாவுக்குப் போனால் நான்கு நாள் மனித வாடையே இல்லாமல் இருக்கலாம் என்ற நப்பாசையில்தான் பெரியண்ணன் கொடுத்த வேலைக்குத் தலையை ஆட்டினேன்.

வேலை இதுதான்: கெடாவில் லூனாஸ் என்கிற சிற்றூரில் தனியாக இருக்கும் அக்காவை ஊருக்குக் கூட்டி வருவது. அத்தான் காலமாகி ஒரு வருஷம் கழிந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. "ஒத்தப் பொம்பள அந்நிய தேசத்துல என்னடா பண்ணுவா? பேசி, சம்மதம் வாங்கிட்டு வா" என்றார் அண்ணன். மாடியில் ஓர் அறையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, அக்காவுக்காக வைத்திருந்தார். இந்தப் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் பேச்சுத்திறமை என்று யாரும் எண்ண வேண்டாம். குடும்பத்தில் காலாவதியாகாத பாஸ்போர்ட் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

தைரியத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விமானத்தில் முன் இருக்கையின் பையில் செருகியிருக்கும் அந்த ஆபத்துக்கால அட்டையை முன்னும் பின்னும் படித்து, பக்கத்து இருக்கைக்காரரிடம் சந்தேகமும் கேட்ட ஒரே பயணி நான்தான். அவர் தூங்குவதுபோல் நடித்தார்.

லூனாசில் முதல் நாள் வரிசையாக ஆட்கள் வந்தார்கள். அக்கா இருப்பது பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும், கம்பிக்கதவு திறக்கும், முப்பது நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆம்பிளை தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, "ஆயா, பசியாறியாச்சா?" என்பான். சாப்பிட்டாயா என்பதற்கு இங்கே அதுதான் சொல். அக்கா அவனை வைது, உட்காரவைத்து, சோறு போடுவாள். அவன் போனதும் அடுத்த மோட்டார் சைக்கிள்.

"யாருக்கா இவங்கல்லாம்?"

"ஆயா பசங்க" என்றாள், வேறென்ன என்பதுபோல.

விஷயம் இதுதான். கல்யாணமாகி வந்த புதிதில் அக்கா இருந்தது ரப்பர் தோட்டத்தில். பால்மரம் வெட்டப் போகும் தாய்மார் இருட்டோடு கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் கொட்டகை ஒன்று அங்கே உண்டு. ஆயாக்கொட்டகை என்பார்கள். அக்காதான் அங்கே ஆயா. தோட்டத்தை அழித்து வீடு கட்டிவிட்டார்கள், கொட்டகை போய்விட்டது. அக்கா தொட்டிலாட்டிய பிள்ளைகள் மட்டும் மீசை முளைத்து, குலிம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு, அக்கம்பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவன் தனபாலன். ஆள் நிலைப்படியை அடைத்துக்கொண்டு நிற்பான். இடது கை முழுக்கப் பச்சை குத்தியிருக்கிறான். மணிக்கட்டில் தொடங்கும் பாம்பு முழங்கையைச் சுற்றிக்கொண்டு சட்டைக்குள் போகிறது. அது எங்கே முடிகிறது என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

அக்கா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அங்கிள், ஆயாவக் கூட்டிக்கிட்டுப் போவத்தான் வந்திருக்கீங்களாம்?"

"அப்படின்னு இல்ல தம்பி... சும்மா பார்த்துட்டு..."

"சும்மா பாருங்க அங்கிள், நல்லாப் பாருங்க." தோளில் தட்டினான். தட்டிய தோள் இன்னும் சற்றுக் கீழேதான் இருக்கிறது. "பசங்ககிட்டச் சொல்லியிருக்கேன். ஆயா பசங்க எல்லாரும் ஒருநாள் உங்களப் பாக்க வருவாங்க லா."

அன்றிரவு நான் பாதி தூக்கத்தில் பாம்புகளை எண்ணினேன்.

மறுநாள் சுங்கைப் பட்டாணி. அக்காவுக்குத் தன் பழைய சிவப்புக் காரில் ஊர் சுற்றிக்காட்ட ஆசை; ஊர் சுற்றுவதற்கு அவள் சொல் ‘ஜாலான் ஜாலான்’. காரை இங்கே காடி என்கிறார்கள். காடியை ஓட்டியது அக்காவேதான். நம் ஊரில் சைக்கிள் பின்சீட்டில் இரண்டு கையாலும் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்த பெண், ஒற்றைக் கையால் ஸ்டீரிங்கைத் திருப்பி, மற்றொரு கையால் எதிரே வந்த லாரிக்காரனைத் திட்டிக்கொண்டு போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. பெரும்பாலும் கண்ணை மூடியிருந்தேன்.

கோயிலுக்குப் போனோம் (நெறையப் பேர் என்றால் ‘ராமாய்’ என்று கூட்டத்தைக் காட்டி அக்கா சொல்லிக்கொடுத்தாள்), சேலைக்கடைக்குப் போனோம், வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். நம்மூர்ச் சாப்பாடுதான், ஆனால் ரசத்துக்குப் பதில் ரோஜா நிறத்தில் ஒரு சர்பத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதையும் குடித்தேன். ஒவ்வோர் இடத்திலும் அக்காவிடம் பேச்சை எடுக்க முயன்றேன். "அண்ணன் மாடில ரூம் ரெடி பண்ணியிருக்காருக்கா."

"அப்படியா? பாப்போம் லா."

இந்த ‘லா’தான் என்னைக் கொன்றது. ‘பார்ப்போம்’ என்றால் நம் ஊரில் பாதி மறுப்பு. அதன் வாலில் ‘லா’ ஒட்டிக்கொண்டால் அது மறுப்பைக் கூட்டுகிறதா குறைக்கிறதா? அன்று முழுக்க அக்கா சொன்ன லாக்களைக் கவனித்தேன். "சூடா இருக்கு லா", "கொஞ்சம் சாப்பிடு லா", "போடா லா." ஒன்றும் பிடிபடவில்லை. மாலையில் அண்ணன் போன் செய்து "சம்மதிச்சாளா?" என்றபோது, "லான்னு சொல்றாண்ணே" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

எனக்கு அலுத்துப்போயிற்று. அக்காவிடம் கேட்பதும், அண்ணனுக்குப் பதில் சொல்வதும், வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் கழிப்பறைக்குள் போவதும். அதனால்தான் மூன்றாம் நாள் காலை, தோசைக்கல் முன்னால் அந்தக் கோரிக்கை. ஒரே ஒரு பகல். யாரும் இருமாத, யாரும் தோளில் தட்டாத ஒரு கரை. அங்கே உட்கார்ந்து, அக்காவிடம் கறாராக என்ன சொல்வது என்று யோசித்துக்கொள்ள வேண்டும்.

"யான் பக்கம் ஒன்னு இருக்கு. கடை இல்ல, கக்கூஸ் இல்ல, ஒன்னுமில்ல" என்றாள் அக்கா.

யான் என்றால் பழந்தமிழில் நான். தனிமை தேடிப் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரில் ஊர் அமையாது. உடனே கிளம்பிவிட்டேன்.

வழியெல்லாம் நெல் வயல்கள். ஒரு பக்கம் ஜெராய் மலை, உச்சியை மேகத்துக்குள் நுழைத்துக்கொண்டு நின்றது. மறுபக்கம் கடல் இருப்பதாக அக்கா சொன்னாள். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை. காவிரிக்கரையில் வளர்ந்தவனுக்கு நெல் புதிதல்ல. வரப்பில் ஓர் ஆள்கூட நிற்காத நெல்தான் புதிது. எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொள்கிறதாம். அந்த இயந்திரத்தை விரைவிலேயே பார்த்தோம்: வாய்க்கால் ஓரத்து ஒற்றைத்தடப் பாதையில், வீடு நகர்ந்து வருவதுபோல, அறுவடை இயந்திரம் எதிரே வந்தது. ஒதுங்க இடமில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர்.

"இறங்கி ஓடிடலாமாக்கா?" என்றேன்.

"காடிய யாரு, உங்கப்பாவா எடுப்பாரு?" என்றாள் அக்கா. அவளுக்கும் அவர்தான் அப்பா என்பது அந்த நேரத்தில் இருவருக்குமே தோன்றவில்லை. தலையைத் திருப்பி, வந்த பாதை முழுக்கப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டுபோய், ஒரு பாலத்தருகே ஒதுங்கினாள். இயந்திரக்காரர் கையைத் தூக்கி நன்றி சொன்னார். நான் பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.

கடற்கரை அக்கா சொன்னதுபோலவே இருந்தது. செம்மண் தடம் சவுக்கு மரங்களுக்கு நடுவில் முடிந்துபோகிறது. அதற்கப்பால் சாம்பல் நிற மணல்; அதற்கும் அப்பால், கடல் எங்கோ பின்வாங்கிப் போய்விட்டதால், ஈரம் மினுங்கும் பெருவெளி. சேற்றில் சின்னச்சின்ன மீன்கள் காலிருப்பதுபோல நடந்தன. தொலைவில் இரண்டு தீவுகள், யாரோ வைத்துவிட்டு மறந்துபோன மூட்டைகள்போல. அலைச்சத்தம்கூட இல்லை. காற்று சவுக்கு ஊசிகளைச் சீவிக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. கடையைத் திறந்ததிலிருந்து நான் கேட்காத ஓசை அது.

"நீ போயித் தனியா இரு" என்றாள் அக்கா, சவுக்கு மரத்தடியில் துண்டை விரித்து. "நான் உன்னோட சண்ட போட்டுட்டு வந்த மாதிரி இங்கன உக்காந்திருக்கேன்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடந்தேன். நல்ல தொலைவில் ஒரு பாறைத்திட்டு, அதன் மேல் வளைந்த ஒரு மரம். அங்கே போய் உட்கார்ந்தேன். தனிமை கிடைத்துவிட்டது. சிறிது நேரம் அது நன்றாகத்தான் இருந்தது. அப்புறம், இந்தப் பாறையில் பாம்பு இருக்குமா என்று தோன்றியது. பிறகு, நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவது? அதற்கடுத்து, எதிரே யாராவது நின்று இருமினால் தேவலை என்றுகூடத் தோன்றிவிட்டது. அக்காவிடம் பேச வேண்டிய வசனம் ஒருவரிகூட அமையவில்லை.

அப்போதுதான் அந்த மலாய்க்கார அம்மாள் வந்தார். தலையில் முக்காடு, முழங்கால்வரை சேறு, கையில் ஒரு வாளி நிறையக் கிளிஞ்சல். பாறைக்கு அப்பால் இருந்து கரையை நோக்கி வேகமாக நடந்து வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். கடல் பக்கம் கையைக் காட்டி உரக்கச் சொன்னார்:

"ஆயா பசங்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னது?"

"ஆயா பசங்! ஆயா பசங்!" கையை வேகமாக ஆட்டினார், கரையைக் காட்டினார், மறுபடி கடலைக் காட்டினார். தோட்டப் பக்கம் வளர்ந்த மலாய்க்காரர் சிலர் தமிழ் பேசுவார்கள் என்று அக்கா சொல்லியிருந்தாள். இந்தப் புண்ணியவதி முன்பின் தெரியாத எனக்கு உளவு சொல்கிறார்! கும்பிட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, கரையைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அதே சமயம் சவுக்குத் தோப்புப் பக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம். ஒன்றல்ல, மூன்றோ நான்கோ. ஆயா பசங்க வந்துவிட்டார்கள். தனபாலன் சொன்ன ‘ஒருநாள்’ இன்றுதான். ஆயாவை அபகரிக்க வந்த அங்கிளை, கடை இல்லாத, கக்கூஸ் இல்லாத கடற்கரையில் வைத்து விசாரிக்கப்போகிறார்கள்.

ஓர் அறிவாளி இந்த நிலையில் என்ன செய்வான்? பாறைக்குப் பின்னால், கடல் பக்கமாகப் போய், கரையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி குந்தி உட்காருவான். உட்கார்ந்தேன். மூச்சைக்கூடக் குறைத்துக்கொண்டேன். மனதுக்குள் தனபாலனிடம் பேசிப்பார்த்தேன்: "தம்பி, நான் வெறும் தூதுவன். அண்ணன் நம்பர் தர்றேன், அவருகிட்டப் பேசு." அண்ணனைக் காட்டிக்கொடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

மோட்டார் சத்தம் ஓய்ந்தது. ஏமாறக் கூடாது, பதுங்கியிருக்கிறார்கள் என்று இன்னும் கொஞ்சம் குந்தியிருந்தேன். கால் மரத்தது. பின்பக்கம் சில்லென்றது. குனிந்து பார்த்தால், பக்கத்தில் வைத்த செருப்பில் ஒன்று மிதந்து போய்க்கொண்டிருந்தது.

எழுந்து திரும்பினேன். நான் நடந்து வந்த ஈர மணல் இல்லை. பாறைக்கும் கரைக்கும் நடுவே பழுப்பு நிறத் தண்ணீர், சத்தமே போடாமல், அகலமாகிக்கொண்டிருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. காவிரிக்கரையில் வளர்ந்தேன் என்று சொன்னேனே தவிர, இறங்கினேன் என்று சொல்லவில்லை.

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த கொக்குகள் எழுந்து போய்விட்டன.

கரையில் அக்கா நின்றிருந்தாள். பக்கத்தில் அந்த வாளி அம்மாள். "அங்க என்னடா பண்ற? எம்புட்டு நேரமாக் கூப்புடுறேன்!"

"பசங்க போயிட்டாங்களா?"

"எந்தப் பசங்கடா?"

"ஆயா பசங்க!"

அக்கா சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. நான் பாறைமேல் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என்னைக் காப்பாற்ற வருகிறவள் மூழ்கிவிடுவாளோ என்று அழுதேன். அவள் வந்து கையை நீட்டினாள்.

"மரத்த விடு."

"ஆழமாக்கா?"

"எனக்கு இடுப்பளவு. நீ என்னவிட ஒசரம். கணக்குப் போடு."

கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். காலடியில் சேறு உள்வாங்கிக்கொண்டே போனது. பாதி வழியில் மூச்சுவாங்க, நடந்ததை எல்லாம் சொன்னேன். உளவு சொன்ன அம்மாள், மோட்டார் சைக்கிள்கள், தனபாலன். அக்கா இடுப்பளவுத் தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் என் கையையே விட்டுவிட்டாள். நான் மறுபடி அலறினேன்.

"ஆயக்குன்னா தண்ணிடா! கெடாக்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க. ஆயக் பசாங்! தண்ணி ஏறுதுன்னு சொல்லியிருக்கு அந்தம்மா!"

மோட்டார் சைக்கிளில் போனவர்கள் கிளிஞ்சல் பொறுக்க வந்தவர்கள். தண்ணீர் ஏறுகிறதென்று கிளம்பிப் போயிருக்கிறார்கள். கரையில் அந்த அம்மாளுக்கு அக்கா மலாயில் விவரத்தைச் சொல்ல, அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். போகும்போது என்னைப் பார்த்து, "ஆயா பசங்க!" என்று அச்சு அசல் தமிழில் சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்குள் வந்து, ஓர் ஓலைக்கொட்டகையில் லக்சா சாப்பிட்டோம். இடியாப்பத்தைப் பெரிதாகப் பிழிந்து, புளிப்பான மீன்குழம்பில் முக்கி, மேலே வெள்ளரியும் புதினாவும் தூவியதுபோல இருந்தது. எனக்கு ஈர வேட்டிக்குப் பதில் கடைக்காரர் கொடுத்த கைலி. காலில் ஒற்றைச் செருப்பு. உடம்பில் ஒரு துளி தெம்பு இல்லை. வந்த காரியத்தைப் பேச இதைவிடக் கேவலமான வேளை கிடைக்காது என்பதால், பேசிவிட்டேன்.

"அக்கா, வர்றியா இல்லையா? தெளிவாச் சொல்லு. லா போடாம சொல்லு."

அக்கா கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "அந்தத் தனபாலன் பையன் ஒன்ன வீட்டுக்குக் கூப்பிட்டு ஒருவேளை சோறு போடணும்னு நீ வந்த நாள்லேருந்து கேக்குறான். அவன் ஒன்ன அடிக்க வர்றான்னு நீ போயி கடலுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்ட."

"அதான் சிரிச்சாச்சேக்கா."

"நான் சிரிக்கச் சொல்லல. போன தடவ ஊருக்கு வந்தேன்ல? அண்ணி என்ன அடுப்படியில பாத்துட்டு, ‘நீங்க எதுக்கு, விடுங்க, நான் பாத்துக்கறேன்’னாங்க. ஒரு மாசம் அடுப்படிக்குள்ள நான் போவல. அது பிரியத்துல சொன்னதா, வெளிய போடின்னு சொன்னதா? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

"பிரியத்துலதான்க்கா."

"தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. அண்ணியுடன் இத்தனை வருஷமாகப் பழகியும் எனக்கும் தெரியாது.

"ஒனக்குத் தப்பாக் கேட்டுச்சு, நான் வந்து கையப் புடிச்சேன்" என்றாள். "எனக்கு அங்க தெனமும் தப்பாத்தான் கேக்கும்."

"அங்க எல்லாரும் தமிழ்தானேக்கா பேசுறாங்க?"

"அதான் லா பயமே. மலாய்னா புரியலன்னு சொல்லிரலாம். சொந்த அண்ணன் வீட்டுல தமிழ் புரியலன்னு யாருகிட்டச் சொல்றது?"

கடைக்காரர் கிண்ணங்களை எடுத்துப் போனார். நான் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அண்ணன் போன் செய்தார். வழக்கத்தைவிட முன்னதாகவே. "என்னடா, டிக்கெட் போடலாமா அவளுக்கு?"

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். கோழைத்தனம்தான். அக்கா குனிந்து, போனுக்கு வெகு அருகே வாயை வைத்து, செவிடருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "அண்ணே, நான் வரல. கோவிச்சுக்காதீங்க. எனக்கு இங்க ராமாய் பசங்க இருக்காங்க. நான் தனியா இல்ல லா. நீங்க ஒருநாள் வாங்க, காடி இருக்கு, ஜாலான் ஜாலான் போவோம்."

துறையூரில் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அண்ணன் குரல் வந்தது.

"ராமையாவா? யாருடா அது ராமையா?"

அக்கா என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அவளுக்காக நான் கடையில் மருந்துச்சீட்டு படிப்பதுபோல நிதானமாகப் படித்துச் சொன்னேன்.

"ராமையா யாரும் இல்லண்ணே. நெறையப் பேருன்னு சொல்றா. அவளுக்கு இங்க நெறையப் பேரு இருக்காங்க."

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அது என்னடா," என்றார், "ஜாலான் ஜாலான்?"